நிறைவும் பணிவும்: ஒரு சீனப் பழமொழியின் பொருளும் வழக்கும்

பழமொழி என்பது ஒரு நாட்டு மக்களின் நெடுங்காலப் பட்டறிவு சில சொற்களில் திரண்டு நிற்பது. திரண்டு நிற்பதனாலேயே அஃது எளிதில் இடம் பெயர்கின்றது; பெயருங்கால் தன் பிறப்பிடத்தை மறந்தும் விடுகின்றது. யார், யாரிடம், எந்நிலையில் கூறியது என்பது மறைந்து, எவரும் எவரிடமும் கூறத்தக்க பொது அறிவுரையாக அது நின்றுவிடும். அந்நிலையில் அதன் பொருள் தலைகீழாக மாறுவதும் உண்டு. பணிவைப் பற்றிச் சீன மொழியில் வழங்கும் பழமொழிகளுள் முதன்மையானது எனத்தக்க ஒன்றினை எடுத்துக்கொண்டு, அதன் பொருளையும் அது வழங்கி வந்த வகையையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

அப்பழமொழி ஆறே சொற்களால் ஆயது. நிறைவு இழப்பை அழைக்கும், பணிவு பெருக்கத்தை ஏற்கும் என்பது அதன் கருத்து. சீனநாட்டில் பள்ளிச் சிறுவரும் இதனை அறிவர். தேர்வில் வென்ற மாணவனை நோக்கித் தந்தை இதனைக் கூறுவதுண்டு. புதிதாகப் பணியேற்ற இளைஞனை நோக்கி மூத்தோர் கூறுவதுண்டு. இவ்விடங்களிலெல்லாம் மேலிருப்போர் கீழிருப்போரை நோக்கி, 'தாழ்ந்து நட; நன்மை பெறுவாய்' என்று சொல்லும் மொழியாகவே இது பயில்கின்றது. ஆயின், இதன் சொல்லமைப்பையும் இது நின்ற இடத்தையும் நோக்குவார்க்கு வேறொரு பொருள் புலனாகும். எளியோரைத் தாழச் சொல்வது இப்பழமொழியின் கருத்தன்று. நிறைந்தோரைத் தம் நிறைவிலிருந்து சிறிது முகந்து வெளியே விடச் சொல்வதே இதன் கருத்து என்பது நம் துணிபு. அதனை முறையே காண்போம்.

1. சொற்பொருள்

மான், சாவ், சுன் என்பன முதற்பகுதியின் மூன்று சொற்கள். சியென், ஷோ, யி என்பன பிற்பகுதியின் மூன்று சொற்கள். சீன மொழியில் பெயர்க்கும் வினைக்கும் வேற்றுமைக்கும் தனித்தனி உருபுகள் இல்லை. சொற்கள் நிற்கும் வரிசையே அவற்றின் தொடர்பைக் காட்டும். ஆதலின் ஒவ்வொரு சொல்லையும் தனித்து நோக்குதல் வேண்டும்.

மான் என்பதற்கு நிறைதல், நிரம்புதல் என்பன பொருள். இதன் எழுத்தில் நீரைக் குறிக்கும் உறுப்பு இடப்புறத்தே அமைந்துள்ளது. எனவே, இச்சொல் முதற்கண் சுட்டுவது உள்ளத்துச் செருக்கினை அன்று. விளிம்பு வரை நீர் நிரம்பிய கலத்தின் நிலையினையே என்க. சாவ் என்னும் எழுத்தில் கையைக் குறிக்கும் உறுப்பு உள்ளது. கையசைத்து ஒருவரை அருகே அழைத்தல் அதன் பொருள். இழப்பு எங்கிருந்தோ திடீரென வந்து வீழ்வதன்று; நிறைவே கையசைத்து அதனை வருவித்துக் கொள்கின்றது என்னும் கருத்து இவ்வினையால் பெறப்படுகின்றது.

பிற்பகுதியில் வரும் ஷோ என்பது பெறுதல், ஏற்றல் எனப் பொருள்படும். இதன் தொல் வடிவம் இரு கைகளுக்கு இடையே ஒரு பொருள் இருப்பதைக் காட்டும். பண்டைக் காலத்தில் கொடுத்தல், பெறுதல் ஆகிய இரண்டற்கும் இவ்வொரு வடிவமே வழங்கியது. ஆகவே, ஏற்றல் என்பது தனியொருவன் செயலன்று. கொடுக்கும் கையும் ஏற்கும் கையும் சேர்ந்தவழியே அது நிகழும். அழைத்தலில் ஒரு கை. ஏற்றலில் இரு கை. இவ்வேறுபாடு நினைவிற் கொள்ளத்தக்கது.

சுன், யி என்பன குறைதல், மிகுதல் என்னும் இணைச்சொற்கள். 'தீமை', 'நன்மை' என்று பெயர்ப்பதைக் காட்டிலும் 'குறைவு', 'பெருக்கம்' என்று பெயர்ப்பதே பொருந்தும். யிசிங் எனப்படும் மாற்றங்களின் நூலில் அமைந்த 64 குறிகளுள் 41ஆவது குறிக்குச் சுன் என்றும், 42ஆவது குறிக்கு யி என்றும் பெயர். அடுத்தடுத்து நிற்கும் இவ்விரண்டும் ஒன்று மற்றொன்றாக மாறுவன. மேலும், யி என்னும் எழுத்து ஒரு கலத்தின் மேல் நீர் நிற்பதைக் காட்டுவது. கலம் நிரம்பி வழிதலே அதன் தொடக்கப் பொருள். பிற்காலத்தில் வழிதலைத் தனியே குறிக்க வேண்டியபோது அதனோடு மற்றுமொரு நீர் உறுப்பினைச் சேர்த்து வேறோர் எழுத்தை ஆக்கினர்.

இதனால் ஒரு நுட்பம் புலனாகின்றது. பழமொழியின் முதற்சொல்லும் இறுதிச்சொல்லும் நீர்க்கலத்தையே காட்டுகின்றன. பணிவுடையான் பெருக்கத்தைப் பெறுகின்றான். பெற்றபின் அவன் கலமும் நிறைகின்றது. நிறைந்தவழி அவனும் இழப்பை அழைப்பவன் ஆகின்றான். ஆகவே, ஒருமுறை பணிந்து ஒரு பயனைப் பெற்று அத்துடன் அமையலாம் என்னும் எண்ணத்திற்கு இப்பழமொழியில் இடமில்லை. பெறுந்தோறும் பணிதல் வேண்டும் என்பதே இதன் வட்டமான அமைப்பு உணர்த்துவது.

2. பழமொழி நின்ற இடம்

இப்பழமொழி ஷாங்சூ எனப்படும் பண்டை ஆவணத் தொகுப்பில், பேரரசன் யூவின் அறிவுரை எனப் பெயரிய பகுதியில் இடம்பெற்றுள்ளது. அங்கு அது வரும் சூழல் ஆழ்ந்து நோக்கத்தக்கது.

ஷுன் என்னும் வேந்தன் காலத்தில் மியாவ் என்னும் மக்கள் அவன் ஆணைக்கு அடங்காது நின்றனர். வேந்தன் ஏவலால் யூ பெரும்படையுடன் அவர்மேற் சென்றான். பெருவெள்ளத்தை வடித்து நாட்டைக் காத்தவன் எனப் போற்றப்படும் யூ அந்நாளில் புகழின் உச்சியில் இருந்தவன். முப்பது நாள் கடந்தும் மியாவ் மக்கள் பணியவில்லை. அந்நிலையில் யி என்னும் அமைச்சன் யூவை நோக்கி அறிவுரை கூறுகின்றான். அறமே வானையும் அசைப்பது என்றும், நிறைவு குறைவை அழைப்பதும் பணிவு பெருக்கத்தை ஏற்பதும் வானின் நெறி என்றும் அவன் உரைக்கின்றான். தந்தையின் கொடுமைக்கு ஆளான ஷுன், குற்றத்தைத் தன்மேல் ஏற்றுக் கொண்டு தந்தையின் உள்ளத்தை மாற்றிய வரலாற்றினையும் எடுத்துக்காட்டுகின்றான். யூ அந்நல்லுரையை வணங்கி ஏற்றுப் படையைத் திருப்புகின்றான். வேந்தன் அவைக்களத்துப் படிகளில் கேடயமும் இறகும் ஏந்திய ஆடல் நிகழ்கின்றது. எழுபது நாள் சென்றபின் மியாவ் மக்கள் தாமே வந்து சேர்கின்றனர்.

இங்குப் பேசப்படுவது யாருடைய பணிவு? தோற்கும் நிலையிலிருந்த மியாவ் மக்களின் பணிவு அன்று. அவரை நோக்கி, 'பணிந்து வருக. பயன் பெறுவீர்' என்று எவரும் கூறவில்லை. படையும் புகழும் ஆணையும் ஒருங்கே உடைய யூவை நோக்கியே இம்மொழி கூறப்பட்டது. கூறியவன் அவனுக்குக் கீழ்ப்பட்டவன். கீழிருப்பவன் மேலிருப்பவனை நோக்கிக் கூறிய மொழி, காலப்போக்கில் மேலிருப்பவன் கீழிருப்பவனை நோக்கிக் கூறும் மொழியாயிற்று. இதுவே நாம் முதற்கண் குறித்த தலைகீழ் மாற்றம்.

அமைச்சன் பெயராகிய யி என்பதும், பெருக்கத்தைக் குறிக்கும் யி என்பதும் ஒரே எழுத்து என்பது ஈண்டுக் குறிக்கத்தக்கது. பணிவு யியைப் பெறும் என்று சொல்பவன் யி. யூ பணிந்து பெற்ற முதற்பெருக்கம் அந்த அமைச்சனின் நல்லுரையே ஆயிற்று. இவ்விரட்டுற மொழிதல் கருதிச் செய்ததோ தற்செயலோ, கதையின் கருத்தோடு அது நன்கு பொருந்தி நிற்கின்றது.

3. நூலின் மெய்ம்மை

இவ்விடத்து ஒரு தடை எழும். இப்பழமொழி இடம்பெற்ற பகுதி பண்டை நூலின் மெய்யான பகுதிதானா என்பதே அது. ஷாங்சூவின் இன்றைய வடிவத்திலுள்ள 58 பகுதிகளுள் 25 பகுதிகள், கி.பி. நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மெய் சே என்பவர் கீழைச் சின் அரசவைக்கு அளித்த படியின் வழியே வந்தவை. அவற்றின் நடையும் சொல்லும் பிற பகுதிகளோடு ஒவ்வாமையைச் சீன அறிஞர் பல நூற்றாண்டுகளாக ஐயுற்றனர். 1704இல் மறைந்த யென் ரோச்சூ என்னும் பேரறிஞர், அவை பிற்காலத்தார் பழைய நூல்களிலிருந்து துணுக்குகளைத் திரட்டிப் புனைந்தவை என்று விரிவான சான்றுகளால் நிறுவினார். 2008இல் சிங்குவா பல்கலைக்கழகத்திற்குக் கிடைத்த, ஏறத்தாழ 2,500 எண்ணுள்ள பண்டை மூங்கில் ஏடுகளும் அவர் முடிவுக்கு வலியூட்டின. மெய் சே தந்த பகுதிகளிற் சிலவற்றிற்கு உரிய பழம்பாடங்கள் அவ்வேடுகளில் காணப்பட்டன. அவை பிற்கால வடிவத்தினின்றும் வேறாக இருந்தன.

யூவின் அறிவுரையும் அந்த 25 பகுதிகளுள் ஒன்று. ஆகவே, நம் பழமொழியைப் பழம்பேரரசர் காலத்துக் கூற்று என்று கொள்ளுதல் இயலாது. ஆயின், இதனால் அதன் மதிப்புக் குறையுமா? குறையாது என்பதே நம் கருத்து. புனைந்தவர் புதிதாக எதனையும் படைக்கவில்லை. முன்னரே வழங்கிய கருத்தையும் முன்னரே வழங்கிய கதையையும் இணைத்தார். அவ்விணைப்பை ஆராய்ந்தால் பழமொழியின் பொருள் மேலும் தெளிவாகும்.

கருத்து யிசிங்கின் பழைய உரைப்பகுதியில் உள்ளது. அந்நூலின் 15ஆவது குறிக்குச் சியென் என்றே பெயர். மேலே நிலமும் கீழே மலையுமாக அமைந்தது அக்குறி. நிலத்தினுள் மலை அடங்கியிருத்தல் அதன் உருவகம். வானமும் நிலமும் தெய்வங்களும் மக்களும் ஆகிய நால்வகையாரும் நிறைந்ததைக் குறைத்துப் பணிந்ததை மிகுவிக்கும் இயல்பினர் என அவ்வுரைப்பகுதி விளக்குகின்றது. அந்நூலின் குறிகளுள் ஆறு வரிகளும் நல்லனவாகவே அமைந்தது இஃதொன்றே என்று போற்றுவது உரைமரபு. இன்னும் ஒன்று: இக்குறியின் ஐந்தாம் வரியும் ஆறாம் வரியும் படையெடுத்தலுக்கு ஏற்றவை எனக் கூறப்படுகின்றன. பணிவின் குறியிலேயே போர்ச்செயலுக்கு இடம் தரப்பட்டிருத்தலின், சியென் என்பது வலியின்மையோ அச்சமோ அன்று என்பது பெறப்படும். வலியுடையான் தன் வலியை அடக்கி வைத்தலே அது. மலை இருக்கின்றது, நிலத்தினுள் இருக்கின்றது.

கதையும் பழையது. ஆயின் ஒரு தன்மைத்தன்று. மோசி என்னும் அறிஞரின் பெயரால் வழங்கும் நூலில், யூ மியாவ் மக்கள்மேற் படையெடுத்துச் சென்று வென்றதாகவே கூறப்படுகின்றது. வானின் ஆணையால் நிகழ்ந்த ஒறுத்தல் அது என்பது அந்நூலின் கருத்து. கி.மு. 233இல் இறந்த ஹான் பெய் என்பாரோ, யூ போருக்கு எழுந்தபோது ஷுன் தடுத்ததாகவும், மூன்றாண்டு நல்லொழுக்கம் பேணிக் கேடயமும் கோடரியும் ஏந்தி ஆடியபின் மியாவ் மக்கள் பணிந்ததாகவும் எழுதுகின்றார். ஆகவே, போரால் வென்ற கதையும் போர் விடுத்து வென்ற கதையும் முன்பே இருந்தன. யூவின் அறிவுரையைப் புனைந்தவர் பின்னதைத் தேர்ந்து, யிசிங்கின் கருத்தை அதனுள் பதித்தார். பேரரசுகள் சிதைந்து போர்கள் மலிந்த நான்காம் நூற்றாண்டில் வழங்கத் தொடங்கிய நூலில் இத்தேர்வு காணப்படுவது பொருளற்றதன்று.

4. சாயும் கலம்

நிறைவு ஏன் இழப்பை அழைக்கின்றது? இவ்வினாவிற்கு விடை தரும் நிகழ்ச்சி ஒன்று சுன்சி என்னும் அறிஞரின் பெயரால் வழங்கும் நூலில் காணப்படுகின்றது. லூ நாட்டுக் கோமான் ஹுவானின் கோவிலில் சாய்ந்திருந்த கலம் ஒன்றைக் கன்பூசியசு கண்டார். இருக்கையின் அருகே எச்சரிக்கையாக வைக்கப்படும் கலம் அது என்று காவலர் கூறினர். கன்பூசியசின் ஏவலால் மாணவர் அதில் நீர் வார்த்தனர். வெறுமையாய் இருந்தபோது சாய்ந்தும், பாதி நிறைந்தபோது நிமிர்ந்தும் நின்ற அது, முழுதும் நிறைந்தவுடன் கவிழ்ந்தது.

இது வெறுங்கதை அன்று. பொறியியல் உண்மையும் உடையது. கலம் இரு புறத்தும் அச்சில் தொங்குமாறு அமைக்கப்பட்டிருப்பின், நீர் ஏற ஏற அதன் எடைமையம் இடம் மாறும். எடைமையம் அச்சின் கீழ் நேராக நிற்கும் வரை கலம் நிமிர்ந்திருக்கும். அச்சினை மிஞ்சி மேலே சென்றவுடன் கவிழும். கி.பி. மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த தூ யூ இக்கலத்தை மீண்டும் அமைத்தவராகக் கூறப்படுகின்றார். வட்டத்தின் விட்டத்திற்கும் சுற்றளவிற்கும் உள்ள விகிதத்தை நுட்பமாகக் கணித்த சூ சோங்சி (429-500) என்பாரும் இத்தகைய கலம் ஒன்றைச் செய்து ஓர் இளவரசருக்கு அளித்தார்.

கலம் கவிழ்வதற்குப் பிறர் தள்ளுதல் வேண்டா. அதன் நிறைவே அதனைக் கவிழ்க்கின்றது. பழமொழியிலுள்ள 'அழைத்தல்' என்னும் வினையின் முழுப்பொருளும் இங்கு விளங்குகின்றது. வானின் நெறி என்று யி கூறியதும், வானத்திலிருந்து ஒரு தெய்வம் சினந்து ஒறுப்பதை அன்று. பொருள்களின் இயல்பினையே எனக் கொள்ளலாம்.

நிறைவைக் காத்துக்கொள்ள வழி உண்டா எனச் சீலு என்னும் மாணவர் வினவுகின்றார். அறிவு மிக்கவன் பேதைமை போலும் ஒழுகியும், உலகளாவிய வெற்றியுடையான் விட்டுக்கொடுத்தும், பேராற்றல் உடையான் அஞ்சுவான் போன்றும், பெருஞ்செல்வம் உடையான் பணிந்தும் அவற்றைக் காத்தல் வேண்டும் என்பது அவர் பெற்ற விடையின் கருத்து. அதனை முகந்து குறைக்கும் நெறி என்று அந்நூல் பெயரிடுகின்றது. ஈண்டுக் குறைத்தலைக் குறிக்க வரும் சொல்லும் நம் பழமொழியிலுள்ள சுன் என்பதே.

பழமொழியின் உயிர்நிலை இங்கேதான் உள்ளது. நிறைந்த கலம் எவ்வாறாயினும் குறையும். தானே முகந்து குறைத்துக்கொள்ளுமா, கவிழ்ந்து அனைத்தையும் இழக்குமா என்பதே வினா. முன்னதன் பெயர் பணிவு. பின்னதன் பெயர் இழப்பு. இரண்டும் குறைதலே. ஒன்று தன் கையால் நிகழ்வது. மற்றொன்று தன் கைமீறி நிகழ்வது. அறிவு, வெற்றி, ஆற்றல், செல்வம் என்னும் நான்கும் உடையாரை நோக்கியே விடை கூறப்பட்டமையும் காண்க. இல்லாதவனிடம் முகந்து குறைக்க என்ன உண்டு? வெறுங்கலமும் சாய்ந்தே நின்றது என்பதை மறத்தலாகாது. வறுமையும் ஒரு சாய்வே. அதனைப் பணிவு என்று புகழ்தல் இந்நூலின் கருத்தன்று.

5. இரு தடைகள்

பணிவால் பெருக்கம் வரும் என்று கூறின், பெருக்கத்தை விரும்பியன்றோ ஒருவன் பணிவான்? பயன் கருதிய பணிவு பணிவாகுமா? இது முதல் தடை. ஏற்றல் என்னும் வினையைக் குறித்து மேலே கூறியது இதற்கு விடையாகும். பெருக்கத்தை 'அழைத்தல்' என்று பழமொழி கூறவில்லை. அழைக்கப்படுவது இழப்பு, பெருக்கமோ கொடுப்பார் கொடுக்க ஏற்கப்படுவது. பயன் கருதிப் பணிபவன் கையசைத்து அழைப்பவனே. அவன் உள்ளம் பயனால் முன்னரே நிறைந்துவிட்டது. கலத்தில் இடம் இல்லாதபோது யார் வார்த்தும் பயனில்லை. ஆகவே, இப்பழமொழி பெருக்கத்தை விலையாகக் காட்டிப் பணிவை விற்பதன்று. இடம் உள்ளவழி நீர் சேரும் என்னும் இயல்பைக் கூறுவதே.

இரண்டாம் தடையை எழுப்பியவர் ஹான் பெய். மியாவ் கதையைத் தாம் கூறிய அதே இடத்தில், அம்முறை பண்டைக் காலத்திற்கு ஏற்றது, இரும்புப் படைக்கலன்கள் வந்தபின் ஏற்றதன்று என்று அவர் மறுக்கின்றார். காலம் மாறின் முறையும் மாறும் என்பது அவர் கொள்கை. இது புறந்தள்ளத்தக்க தடையன்று. படை திருப்பிய அரசெல்லாம் எழுபது நாளில் பகைவரை நண்பராகப் பெற்றதில்லை என்பதை வரலாறு காட்டும். எனினும், அவர் தடை கதையின் முடிவைத் தாக்குகின்றதே அன்றிப் பழமொழியின் முற்பகுதியைத் தாக்கவில்லை. ஹான் பெய்யின் கொள்கையைப் பெரிதும் மேற்கொண்ட சின் பேரரசு, கி.மு. 221இல் சீனம் முழுதையும் ஒன்றாக்கிய பெருவலி உடையதாயிருந்தும், கி.மு. 206இல் அழிந்தது. நிறைவு இழப்பை அழைக்கும் என்பதற்கு அதனினும் சிறந்த சான்று வேண்டா.

6. பிற்கால வழக்கு

பழமொழியைத் தம் வாழ்வில் மேற்கொண்டோர் என இருவகையினரைக் காட்டலாம். ஒருவகைக்கு எடுத்துக்காட்டு செங் குவோபான் (1811-1872). தைப்பிங் கிளர்ச்சியை அடக்கிய படைத்தலைவர் இவர். தம் படிப்பறைக்குக் குறையை நாடும் அகம் எனப் பொருள்படும் பெயரை இட்டவர். 1864இல் நான்கிங் நகரைக் கைப்பற்றி வெற்றியின் உச்சியை அடைந்தபின், தாம் திரட்டிய படையின் பெரும்பகுதியைத் தாமே கலைத்தார். நிறைவைத் தம் கையால் முகந்து குறைத்த செயல் இது. அரசவையின் ஐயத்திற்கு அஞ்சியே இவ்வாறு செய்தார் என்பாரும் உளர். அந்நகர் வீழ்ந்தபோது அவர் படையினர் நிகழ்த்திய பெருங்கொலையையும் வரலாறு மறக்கவில்லை. ஆகவே, பணிவு அவரைக் காத்தது என்னலாம். அவரால் அழிந்தோரைக் காத்தது என்னல் இயலாது. தற்காப்புக்கு மட்டும் பயன்படும் பணிவு பழமொழியின் பாதியே ஆகும்.

மற்றொரு வகை சொல்லளவில் மேற்கொள்வது. 1956ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் சீனப் பொதுவுடைமைக் கட்சியின் எட்டாவது பேராயத்தைத் தொடங்கி வைத்த மா சே துங், பணிவுள்ளம் மனிதனை முன்னேற்றும், செருக்கு அவனைப் பின்தங்கச் செய்யும் என்னும் கருத்தைக் கூறினார். அத்தொடர் பள்ளிச்சுவர்களில் எழுதப்பட்டுப் புதிய பழமொழியாகவே ஆயிற்று. பழைய மொழியோடு இதனை ஒப்பிடுக. நிறைவு என்பது நீங்கிச் செருக்கு வந்தது. பெருக்கம் என்பது நீங்கி முன்னேற்றம் வந்தது. கலம் மறைந்து பாதை தோன்றியது. நிறைந்தோர்க்குக் கூறிய எச்சரிக்கை, கற்போர்க்குக் கூறும் ஊக்கவுரையாயிற்று.

இம்மாற்றம் சொல்லளவில் நில்லாமையே வருந்தத்தக்கது. 1958இல் பெரும் பாய்ச்சல் தொடங்கியது. விளைச்சல் கணக்குகள் மிகைப்படுத்தப்பட்டன. 1959 சூலையில் லூஷான் கூட்டத்தின்போது, பாதுகாப்பு அமைச்சராயிருந்த பெங் தெகுவாய் நாட்டின் நிலையைக் குறித்து மாவுக்கு மடல் எழுதினார். அவ்வாண்டிலேயே அவர் அப்பதவியினின்றும் நீக்கப்பட்டார். பஞ்சம் 1961 வரை நீடித்துப் பல கோடி மக்களை வாட்டியது. இறந்தோர் தொகை மிகப் பெரிது. யூ தன் அமைச்சன் சொல்லை வணங்கி ஏற்றான் என்னும் பழங்கதையை இதன் அருகே வைத்து நோக்குக. பணிவைப் பிறர்க்கு அறிவுறுத்துதல் எளிது. தன்னை நோக்கி வரும் உண்மையை ஏற்றலே பணிவு. பணிவைப் பற்றிய மொழி யாரை நோக்கிக் கூறப்பட்டது என்பது மறக்கப்படின் அதனால் விளையும் கேடு இலக்கிய ஆராய்ச்சியோடு நிற்பதன்று என்பதற்கு இஃதொரு சான்று.

அன்றாட வழக்கிலும் சொற்பணிவின் எல்லையைச் சீனர் அறிவர். தன் நூலைப் புன்னூல் என்றும் தன் இல்லத்தைக் குளிர்ந்த குடில் என்றும் கூறும் மரபு அம்மொழியில் உண்டு. அதனோடு, மிகையான பணிவு செருக்கிற்கு ஒப்பாகும் என்னும் வழக்கும் உண்டு. பணிவினாலும் ஒரு கலம் நிறைந்துவிடக்கூடும் என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர்.

7. மொழிபெயர்ப்பின் சிக்கல்

1865இல் ஷாங்சூவை ஆங்கிலத்தில் வெளியிட்ட ஜேம்சு லெக், நிறைவு என்னும் சொல்லைச் செருக்கு என்றே பெயர்த்தார். கருத்து வழுவியது எனக் கூறல் இயலாது. ஆயினும் நீரும் கலமும் மறைந்தன. செருக்கு என்றவுடன் ஒவ்வொருவரும், 'நாம் செருக்கற்றவர்' என்று எண்ணி அமைதல் கூடும். நிறைவு என்றவழி அவ்வாறு தப்ப முடியாது. செருக்கின்றியும் ஒருவன் நிறைந்திருக்கக்கூடும். அப்போதும் கலம் கவிழும்.

தமிழில் பெயர்ப்பார்க்கு வேறொரு சிக்கல் உள்ளது. நிறைகுடம் தளும்பாது என்னும் நம் பழமொழி, நிறைவையே பணிவின் அடையாளமாகக் காட்டுவது. சீனப் பழமொழியோ நிறைவைப் பணிவின் பகையாகக் காட்டுகின்றது. இரண்டையும் ஒன்றெனக் கூறி இணைத்தல் பிழையாகும். தமிழ்ப் பழமொழி, நிறைந்த அறிவினான் ஆரவாரம் செய்யான் என்று ஒலியை வைத்துக் கூறுவது. சீனப் பழமொழி, நிறைந்த கலம் மேலும் ஏலாது, நில்லாது என்று நிலையை வைத்துக் கூறுவது. நிறைந்த குப்பி ஒலிக்காது, அரைக்குப்பியே ஒலிக்கும் என்னும் வழக்குச் சீனத்திலும் உண்டு. நம் நிறைகுடத்திற்கு ஒப்பாவது அதுவே அன்றி இதுவன்று.

சியென் என்னும் சொல்லுக்குத் தாழ்மை, பணிவு, அடக்கம் என்னும் மூன்றும் தமிழில் கருதத்தக்கன. தாழ்மை ஒருவன் நிற்கும் படியைக் குறிக்கும். பணிவு வளையும் உடலைக் குறிக்கும். அடக்கமோ உள்ளிருப்பதை உள்ளே கொண்டிருத்தலைக் குறிக்கும். நிலத்தினுள் மலை என்னும் உருவகத்திற்கு அடக்கமே பொருந்துவது. சியென் எழுத்தில் பேச்சைக் குறிக்கும் உறுப்பு உள்ளது. 1973இல் மாவாங்துய் கல்லறையில் அகழ்ந்தெடுத்த பட்டுச்சுவடியிலோ அக்குறியின் பெயர் வாயைக் குறிக்கும் உறுப்புடன் எழுதப்பட்டுள்ளது. வாயினுள் ஒன்றைக் கொண்டிருத்தல் என்பது அவ்வெழுத்திற்குப் பழைய சீன அகராதி தரும் பொருள். ஒலியொப்புமை பற்றியே அவ்வாறு எழுதினர் எனினும், சொல்லக்கூடியதைச் சொல்லாது உள்ளடக்குதல் என்னும் கருத்தோடு அது முரண்படவில்லை. ஆகவே, நிறைவு குறைவை அழைக்கும், அடக்கம் பெருக்கத்தை ஏற்கும் என்று பெயர்த்தல் தகும் என்பது நம் கருத்து. தாழ்மை என்று பெயர்ப்பின், எளியோரை மேலும் தாழ்த்தும் கருவியாகவே அஃது ஆகிவிடும்.

8. முடிவு

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன மூன்று. ஒன்று, இப்பழமொழி முதற்கண் நீர்க்கலத்தின் இயல்பைச் சொல்வது. உள்ளத்தின் குணம் அதன்வழிப் பெறப்படுவது. இரண்டு, இதனைத் தாங்கிய பகுதி பிற்காலப் புனைவே எனினும், கருத்தும் கதையும் அதற்கு முற்பட்டவை. மூன்று, இது வலியோரை நோக்கி வலி குறைந்தோர் கூறிய மொழி. இதனைத் திருப்பி வழங்குதல் இதன் பொருளைக் கெடுப்பதாகும்.

இனி இப்பழமொழியை எடுத்தாள்வோர், அதனைக் கேட்பவன் நிறைந்தவனா, குறைந்தவனா என்று முதலில் நோக்குதல் வேண்டும். குறைந்தவனிடம் கூறுவதற்குச் சீனத்திலும் தமிழிலும் வேறு நல்ல மொழிகள் பல உள. இஃது அரியணை அருகே வைக்கத்தக்க கலம். ஏனையோர் அதில் நீர் வார்த்து, அது கவிழும் அளவை அரியணையில் இருப்போர்க்குக் காட்டலாம்.